சாட்சியின் பெயரைக் கேட்பது உரிமை அல்ல, மிரட்டல்

 

இது நீளமான பதிவு. பாதியில் விட்டுவிட்டுக் கீழே கருத்து எழுத வேண்டாம். முழுதும் வாசித்துவிட்டு, ஏசுவதென்றால் ஏசுங்கள். படிப்பிக்கிற ஆட்கள் நாங்கள், ஏச்சுக் கேட்டுப் பழகியவர்கள்.

கடந்த சில கிழமைகளாக எங்கள் பக்கத்து வட்ஸ்அப் குழுக்களில் ஒரு படிவம் சுற்றுகிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் ஆர்.ரி.ஐ. 01 படிவம். கேள்விகள் எல்லாம் ஏற்கெனவே அடிக்கப்பட்டிருக்கின்றன. பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம், கையெழுத்து மட்டும் போட்டால் போதும். "ஆளுக்கொன்று நிரப்பிப் பொலிஸில் குடுங்கோ, முப்பது பேர் குடுத்தால் அவை ஆடிப்போவினம்" என்று கீழே ஒரு குரல் பதிவும் இருக்கிறது.

விஷயம் மாட்டுக் களவு. தீவகத்தில் இது புதிதல்ல. மேய விட்ட மாடு இரவில் காணாமல் போகும். விடிய பற்றைக்குள் தலையும் தோலும் கிடக்கும். பால் விற்றுப் பிள்ளையைப் படிப்பிக்கிற ஒரு தாய்க்கு அது மாடு மட்டுமல்ல, அந்த வீட்டின் மாதச் சம்பளம். இந்தமுறை ஊரவர் ஒருவர் தான் கண்டதைத் துணிந்து சொன்னார். பொலிஸ் விசாரணை தொடங்கியது. தொடங்கிய சில நாளிலேயே இந்தப் படிவம் வந்துவிட்டது.

படிவத்தில் என்ன கேட்டிருக்கிறது என்று வாசித்தீர்களா? கையெழுத்துப் போட்ட பல பேர் வாசிக்கவில்லை என்பது எங்களுக்குத் தெரியும். நாங்கள் வாசித்தோம். முதலாவது கேள்வி, பொலிஸுக்குத் தகவல் கொடுத்தவர் யார். இரண்டாவது, அவர் எந்த இலக்கத்தில் இருந்து அழைத்தார். மூன்றாவது, சாட்சிகள் கொடுத்த வாக்குமூலங்களின் பிரதி. நான்காவது, எந்த எந்த வீட்டுச் சி.சி.ரி.வி. பதிவுகள் எடுக்கப்பட்டன. ஐந்தாவது, இனி யாரை விசாரிக்க இருக்கிறார்கள்.

இந்த ஐந்து கேள்விக்கும் பதில் கிடைத்தால் யாருக்கு லாபம்? மாட்டைப் பறிகொடுத்த தாய்க்கா, மாட்டை வெட்டியவனுக்கா? இதை விளங்கிக்கொள்ள ஆசிரியர் கலாசாலைக்குப் போக வேண்டியதில்லை. நாலாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லிவிடும்.

ஒன்றை முதலில் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். பொலிஸுக்குப் பரிந்து பேச இந்தப் பதிவை நாங்கள் எழுதவில்லை. பொலிஸை நம்பு, வாயை மூடு என்று இந்த மண்ணில் யாரும் யாருக்கும் சொல்ல முடியாது. அதிலும் எங்களைப் போன்றவர்கள் சொல்லவே முடியாது.

எங்கள் குடும்பம் யாழ்ப்பாணம் சோனகதெருவைச் சேர்ந்தது. 1990 ஒக்டோபர் 30க்குப் பிறகு புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் வாழ்ந்து, பிறகு மீண்டு வந்தவர்கள். அதிகாரத்தில் இருப்பவன் கேள்விக்குப் பதில் சொல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பது எங்களுக்கு வீட்டுக் கதை. 2019 உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு ஹசலகாவில் ஒரு பெண், கப்பல் சுக்கான் படம் போட்ட உடுப்பை உடுத்ததற்காகக் கைது செய்யப்பட்டார். தர்மச்சக்கரம் என்று பொலிஸ் நினைத்ததாம். பிணை கிடைக்க இரண்டு கிழமைக்கு மேல் சென்றது. 2020 மே மாதம் கைதான அஹ்னாஃப் ஜஸீம் எங்களைப் போல ஓர் ஆசிரியர், கவிஞர். தமிழில் எழுதிய கவிதைகளை வைத்துப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் உள்ளே போட்டார்கள். பிணையில் வர ஒன்றரை வருடத்துக்கு மேல். 2023 டிசம்பரில்தான் நீதிமன்றம் விடுதலை செய்தது. இப்படிப்பட்ட இடங்களில் "என்ன ஆதாரத்தில் பிடித்தீர்கள்" என்று கேட்க ஒரு சட்டம் வேண்டும். ஆகவே அந்தச் சட்டத்தை நாங்கள் நேசிக்கிறோம். நேசிக்கிறபடியால்தான் இந்தக் கோபம்.

புங்குடுதீவுக்காரருக்கு இந்தச் சட்டத்தோடு ஒரு தனி உறவும் இருக்கிறது. பல பேர் இதைக் கவனித்திருக்க மாட்டீர்கள். 2015 மே 13. அந்த நாள் இங்கே யாருக்கும் மறக்காது. பள்ளிக்கூடத்துக்குப் போன எங்கள் பிள்ளை வீடு திரும்பவில்லை. அந்தப் பிள்ளையின் பெயரை நாங்கள் இங்கே எழுதவில்லை. ஏன் என்று கீழே சொல்கிறோம். அதற்கு இரண்டு நாள் கழித்து, மே 15 அன்று, அரசியலமைப்பின் 19ஆவது திருத்தத்தில் சபாநாயகர் கையெழுத்திட்டார். தகவல் அறிவது குடிமக்களின் அடிப்படை உரிமை என்று சொல்லும் 14அ உறுப்புரை அந்தத் திருத்தத்தோடுதான் வந்தது. அதன் பிறகு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். அது நடைமுறைக்கு வந்தது 2017 பெப்ரவரி 3.

அந்த மே மாதத்தில் எங்கள் சனம் எந்தப் படிவமும் இல்லாமல் ஒரு கேள்வி கேட்டது. ஊரவர் பிடித்துக் கட்டி வைத்த ஆள், பொலிஸ் கைக்குப் போன ஆள், எப்படிக் கொழும்பு வெள்ளவத்தைக்குப் போய்ச் சேர்ந்தான்? அந்தக் கேள்வி ஊரில் ஓயவில்லை, யாழ்ப்பாணத்தில் ஓயவில்லை, நீதிமன்றத்திலும் ஓயவில்லை. அந்த ஆளைத் தப்ப விட்ட குற்றச்சாட்டில் 2017 ஜூலையில் வடக்கின் முன்னாள் சிரேஷ்ட பிரதிப் பொலிஸ்மா அதிபர் கைது செய்யப்பட்டார். 2017 செப்டெம்பர் 27 அன்று மூன்று நீதிபதிகள் கொண்ட விசேட மன்று ஏழு பேருக்கு மரண தண்டனை விதித்தது. இரண்டு பேரை விடுவித்தது.

இப்போது யோசித்துப் பாருங்கள். அன்று சனம் கேட்டது என்ன? பொலிஸ் என்ன செய்தது என்று கேட்டது. சாட்சி யார் என்று கேட்கவில்லை. முதலாவது கேள்வி ஒரு பெரிய அதிகாரியைக் கூண்டில் ஏற்றியது. இரண்டாவது கேள்வியை யாராவது முப்பது படிவத்தில் எழுதிக் கேட்டு, அதற்குப் பதிலும் கிடைத்திருந்தால், சாட்சிக்கூண்டில் ஏற ஓர் ஆள் மிஞ்சியிருக்குமா? வழக்கு எங்கே போயிருக்கும்?

எங்கள் வாதம் முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டில்தான் நிற்கிறது. பொலிஸ் என்ன செய்தது, என்ன செய்யவில்லை என்று கேட்பது உரிமை. பொலிஸிடம் யார் பேசினார் என்று கேட்பது உரிமை அல்ல. அது சட்டத்தின் உடுப்பைப் போட்டுக்கொண்டு வரும் மிரட்டல்.

"சட்டத்தில் காரணம் சொல்லத் தேவையில்லை என்று இருக்குதே" என்று சிலர் எழுதியிருந்தீர்கள். உண்மை. விண்ணப்பம் போடுபவர் ஏன் கேட்கிறேன் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதே சட்டத்தில் 5ஆம் பிரிவும் இருக்கிறது. வாசிக்கிறவர் முழுதும் வாசிக்க வேண்டும், தனக்கு வாய்ப்பான வரியை மட்டும் கிழித்து எடுக்கக் கூடாது. 5(1)(எச்) என்ன சொல்கிறது? குற்றத்தைத் தடுப்பதற்கோ கண்டுபிடிப்பதற்கோ குற்றவாளியைப் பிடிப்பதற்கோ வழக்குத் தொடர்வதற்கோ பாரதூரமான பாதிப்பு வரும் என்றால் மறுக்கலாம். இரகசியமாகத் தகவல் தந்தவரின் அடையாளம் வெளியாகும் என்றாலும் மறுக்கலாம். அந்தப் படிவத்தின் முதல் மூன்று கேள்விகளும் நேரே இந்தக் குழிக்குள்தான் விழுகின்றன. படிவத்தை எழுதியவருக்கு இது தெரியாமல் இருக்காது. அவ்வளவு வடிவாகச் சட்டத்தமிழில் எழுதத் தெரிந்தவருக்கு 5ஆம் பிரிவு மட்டும் தெரியாது என்றால் யார் நம்புவது?

"அப்ப பொலிஸ் மறுக்கட்டும், உங்களுக்கு என்ன?" இது அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதான். பதில் சொல்கிறோம்.

பொலிஸ் மறுக்கும். ஆனால் மறுப்பதும் ஒரு வேலை. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் பதிவு இலக்கம், பெற்றுக்கொண்டதற்கான கடிதம். 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று முடிவெடுக்க வேண்டும். மறுத்தால் என்ன காரணம், மேன்முறையீடு யாருக்கு, எத்தனை நாளுக்குள் என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். ஒரு பகுதியைத் தரலாம் என்றால் பிரித்து எடுத்துத் தர வேண்டும். ஒரு விண்ணப்பத்துக்கு எல்லாம் சேர்த்து ஒரே ஒரு மணித்தியாலம் என்று குறைவாகவே கணக்குப் போடுங்கள். முப்பது விண்ணப்பத்துக்கு முப்பது மணித்தியாலம். ஓர் ஆளுக்கு நாலு நாள் வேலை. பிறகு முப்பது மேன்முறையீடு. பிறகு கொழும்பில் ஆணைக்குழு. விசாரணைக் கோப்பைத் திறந்து பார்க்காமல் இதில் ஒன்றுக்கும் பதில் எழுத முடியாது. அதைத் திறந்து பார்க்கக் கூடியவர் அந்த விசாரணையைச் செய்கிறவர்தான். அவர் கோப்போடு மேசையில் இருந்தால் பற்றைக்குள் போய்த் தேடுவது யார்? குறிகட்டுவானிலும் வாணர் தாம்போதியிலும் இரவில் வாகனம் மறிப்பது யார்?

களவெடுத்தவனுக்குத் தேவையானது தகவல் அல்ல, நேரம். இறைச்சி கைமாற நேரம், தொலைபேசியில் உள்ளதை அழிக்க நேரம், "நான் அண்டைக்கு வவுனியாவில நிண்டனான்" என்று கதை கட்ட நேரம். அந்த நேரத்தைத்தான் நீங்கள் முப்பது பேரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறீர்கள்.

இதைவிடப் பெரிய கேடு ஒன்று. அந்தப் படிவத்துக்கு ஒரு பதிலும் வராவிட்டாலும் அது தன் வேலையைச் செய்துவிட்டது. சாட்சி சொன்னவருக்கு அது வட்ஸ்அப்பில் போய்ச் சேர்ந்துவிட்டது. அவர் ஆணா பெண்ணா, எந்த வட்டாரம் என்று நாங்கள் எழுதப் போவதில்லை. எங்களிடம் வந்து கேட்டது ஒன்றுதான்: "சேர், என்ர பேர் வெளியில வந்திடுமோ?" சட்டப்படி வராது என்று சொன்னோம். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. அதற்குப் பிறகு அவர் அந்தக் கதையே கதைப்பதில்லை. இனி நீதிமன்றத்துக்கு வருவாரா என்பது அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம். அடுத்தமுறை யாராவது எதையாவது கண்டால் படலையைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள். மாடு என்றாலும் சரி, கஞ்சா என்றாலும் சரி, பிள்ளைகள் என்றாலும் சரி.

மேலே ஒரு பெயரை எழுதவில்லை என்றோம் அல்லவா? பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது எங்கள் தண்டனைச் சட்டக்கோவையின் 365இ பிரிவின்படி குற்றம். 2015இல் அந்தச் சட்டம் இருந்தது. அப்படியிருந்தும் அந்தப் பிள்ளையின் படங்களை எங்கள் சனமே கைக்குக் கை அனுப்பியது. கோபத்தில்தான் செய்தோம், நியாயம் கேட்டுத்தான் செய்தோம். ஆனால் அந்தத் தாய்க்கு அது என்ன செய்திருக்கும் என்று அன்று யோசிக்கவில்லை. எல்லாவற்றையும் எல்லோரும் அறிவதுதான் நியாயம் என்ற எண்ணம் எங்களை ஒருமுறை ஏமாற்றிவிட்டது. இரண்டாம் முறையும் ஏமாற வேண்டாம்.

காணாமல் ஆக்கப்பட்ட உறவுகளைத் தேடும் தாய்மாரை விடத் தகவல் கேட்க உரிமை உள்ளவர்கள் இந்த நாட்டில் யார்? அவர்களுக்காக என்று 2016இல் காணாமல் போனோர் அலுவலகச் சட்டம் வந்தபோது, அந்த அலுவலகத்துக்கு இரகசியமாகச் சொல்லப்படும் விஷயங்களுக்குத் தகவல் உரிமைச் சட்டம் பொருந்தாது என்று எழுதினார்கள். அந்த அலுவலகத்தின் மீது தாய்மாருக்கு எவ்வளவோ மனக்குறை. அது வேறு கதை. ஆனால் இந்த ஏற்பாட்டின் காரணம் விளங்கக் கூடியதுதான். பெயர் வெளியே போகும் என்றால் ஒரு சாட்சியும் வாய் திறக்காது.

இனி எங்கள் சொந்த நோவையும் மறைக்காமல் சொல்கிறோம். தீவகத்தில் மாடு களவு போனால் அடுத்த கேள்வி "இறைச்சி எங்க போனது" என்பது. அந்தக் கேள்வி வந்தவுடன் விரல் எந்தப் பக்கம் நீளும் என்று உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். தேநீர்க்கடையில் நாங்கள் போய் உட்கார்ந்தால் கதை மாறும். "சேரை இல்லை, சேர் நல்ல ஆள்" என்று ஒருவர் சொல்வார். அந்த "சேரை இல்லை" என்ற சொல்லுக்குள் எவ்வளவு இருக்கிறது என்று சொன்னவருக்குத் தெரியாது. விசாரணை ஒழுங்காக முடிந்து, செய்தவன் யார் என்று பெயரோடு நீதிமன்றத்தில் வந்தால்தான் செய்யாதவர்கள் நிமிர்ந்து நடக்கலாம். செய்தவன் எங்கள் ஆள் என்றால் அவன் தண்டனை அனுபவிக்கட்டும், நாங்கள் போய்ப் பிணை நிற்க மாட்டோம். உங்கள் ஆள் என்றாலும் அப்படித்தான். முடியாத விசாரணை என்றால், முடியாத சந்தேகம். அந்தச் சந்தேகத்தைச் சுமப்பது எப்போதும் எண்ணிக்கையில் குறைந்தவன்.

ஆகவே இந்த விசாரணை தடைப்படாமல் நடக்க வேண்டும் என்பதில் மாட்டுக்காரருக்கு அடுத்தபடி அக்கறை எங்களுக்குத்தான்.

குர்ஆனில் சூரத்துல் ஹுஜுராத் என்று ஓர் அத்தியாயம். எங்கள் பிள்ளைகளுக்குச் சிறுவயதிலேயே ஓதித் தருவார்கள். வந்த செய்தியைத் தீர விசாரியுங்கள் என்ற போதனையும் அதில்தான். பிறர் குறையைத் துருவித் திரியாதீர்கள் என்ற போதனையும் அதில்தான். ஒரே அத்தியாயத்தில் இரண்டும். உண்மையைத் தேடுவதும் மனிதரின் மறைவைக் காப்பதும் ஒன்றுக்கொன்று பகை அல்ல என்று நாங்கள் விளங்கிக்கொண்டது அப்படித்தான்.

இன்னொரு விஷயம். அந்தக் குரல் பதிவு வெளிநாட்டு இலக்கத்தில் இருந்து வந்தது. வெளிநாட்டில் இருக்கும் எங்கள் உறவுகள் இந்த ஊருக்குச் செய்தது கொஞ்சமல்ல. பள்ளிக்கூடக் கட்டடம், கோயில் திருப்பணி, கிணறு, பிள்ளைகளின் படிப்பு என்று எல்லாவற்றிலும் அவர்கள் காசு இருக்கிறது. நன்றி மறக்கவில்லை. ஆனால் இந்தச் சட்டத்தில் விண்ணப்பிக்கும் உரிமை இலங்கைக் குடிமக்களுக்கு. வேற்று நாட்டுக் குடியுரிமை மட்டும் வைத்திருப்பவர் கையெழுத்துப் போட முடியாது. ஆகவே கேள்வி அங்கே எழுதப்படுகிறது, கையெழுத்து இங்கே ஏ.எல். எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் பொடியன் போடுகிறான். நாளைக்குச் சாட்சியை மிரட்டிய விஷயம் ஒன்று வந்தால், படிவத்தில் இருக்கும் விலாசம் யாருடையது? பிரித்தானியாவில் இருக்கும் உறவுகளுக்கு ஒன்று சொல்லலாம். உங்கள் நாட்டிலேயே ஒரு பொலிஸ் பிரிவிடம் கேட்கும் தகவலைத் தேடி எடுக்க 18 மணித்தியாலத்துக்கு மேல் செல்லும் என்றால் செலவைக் காட்டி மறுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. தொல்லைக்காகக் கேட்பது என்றால் அதற்கும் தனிப் பிரிவு இருக்கிறது. அங்கே செய்ய முடியாததை இங்கே உள்ள பிள்ளைகளின் கையால் செய்விக்காதீர்கள்.

சரி, பொலிஸ் பக்கத்துக்கும் வருவோம். அவர்கள் இதை வாசித்துச் சந்தோஷப்பட வேண்டாம்.

"விசாரணை நடக்கிறது, தர முடியாது" என்ற ஒரே வரியை எல்லாவற்றுக்கும் எழுதிக் கொடுக்கும் பழக்கம் இருக்கிறது. அது சட்டம் அல்ல, சோம்பல். சட்டம் கேட்பது வெறும் பாதிப்பு அல்ல, பாரதூரமான பாதிப்பு. அப்படி ஒரு பாதிப்பு இருந்தாலும், தகவலை வெளியிடுவதால் வரும் பொதுநலன் அதைவிடப் பெரிதென்றால் கொடுக்கத்தான் வேண்டும். 5ஆம் பிரிவின் 4ஆம் உபபிரிவு அதுதான். சட்டத்தைப் பின்பற்றினோம் என்று ஆணைக்குழுவில் நிரூபிக்க வேண்டிய பாரமும் அதிகார சபையின் தலையில்தான், கேட்டவர் தலையில் அல்ல. இந்தியாவிலும் இதே பிரச்சினை வந்தது. 2007 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம், விசாரணை நடக்கிறது என்று சொல்வது மட்டும் மறுப்பதற்குப் போதாது, இந்தத் தகவல் அந்த விசாரணையை எப்படித் தடுக்கும் என்று காட்ட வேண்டும் என்று தீர்த்தது. நியாயம் நியாயம்தான், கடல் தாண்டினாலும்.

விசாரணைக்குப் பாரம் என்று தகவல் கேட்பவரைக் குறை சொல்கிறவர்கள் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அரசியல்வாதியின் தொலைபேசி அழைப்பு பாரமில்லையா? "அவன் எங்கட ஆள், கொஞ்சம் பாத்துச் செய்யுங்கோ" என்ற அழைப்புக்குப் பதிவு இலக்கம் இல்லை, 14 நாள் இல்லை, மேன்முறையீடு இல்லை. இந்த ஊரின் மிகப் பெரிய வழக்கைக் கெடுக்கப் பார்த்தது எந்தக் குடிமகனின் படிவம்? படிவம் ஒன்றுமே அன்று இருக்கவில்லை. உள்ளே இருந்த கைதான் கதவைத் திறந்து விட்டது. அதை நாங்கள் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டோம்.

சனம் ஏன் படிவத்துக்கு ஓடுகிறது என்பதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. முறைப்பாடு கொடுத்தவர் மூன்று முறை போனாலும் "ஓ.ஐ.சி. இல்லை, நாளைக்கு வாங்கோ" என்ற பதில். தமிழில் கதைக்க ஆள் இல்லை. எழுதியது சிங்களத்தில், கையெழுத்து மட்டும் தமிழில். பாதிக்கப்பட்டவர்களையும் சாட்சிகளையும் பாதுகாக்கும் சட்டம் 2015இல் வந்தது. 2023இல் அதற்குப் பதிலாகப் புதிய சட்டமும் வந்தது. விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று அறிந்துகொள்வது பாதிக்கப்பட்டவரின் உரிமை. அதை மரியாதையாக வாயால் சொல்லியிருந்தால் பாதிப் படிவம் வந்திருக்காது. மாதத்துக்கு எத்தனை மாட்டுக் களவு முறைப்பாடு, எத்தனைக்கு வழக்கு, எத்தனை நிலுவை என்று ஒரு கடதாசியில் எழுதி வாசல் சுவரில் ஒட்டுங்கள். அதில் எந்தச் சாட்சியின் பெயரும் இல்லை. எந்த விசாரணையும் கெடாது.

இப்போது எங்கள் தொழிலுக்கு வருவோம். கலாசாலையில் எங்களுக்கு முதலில் படிப்பித்தவற்றில் ஒன்று கேள்வி கேட்கும் விதம். நல்ல கேள்விக்கு எல்லை இருக்கும். என்ன தெரிய வேண்டும் என்று கேட்பவருக்கே தெரிந்திருக்க வேண்டும். "எல்லாவற்றையும் எழுதுக" என்று வினாத்தாளில் போட்டால் அது கேள்வி அல்ல, தண்டனை. தகவல் விண்ணப்பமும் அப்படித்தான்.

மாட்டுக் களவு பற்றிக் கேட்க வேண்டுமா? இப்படிக் கேளுங்கள்:

கடந்த 12 மாதத்தில் எங்கள் பகுதியில் பதிவான மாட்டுக் களவு முறைப்பாடுகள் எத்தனை? அதில் எத்தனை நீதவான் நீதிமன்றத்துக்குப் போயின? எத்தனை முடித்து வைக்கப்பட்டன? இந்தத் திகதியில் கொடுத்த என்னுடைய முறைப்பாட்டின் இலக்கம் என்ன, பொறுப்பான அலுவலரின் பதவி என்ன, இன்றைக்கு அது எந்த நிலையில் இருக்கிறது? இரவு ரோந்து கிழமைக்கு எத்தனை நாள் நடந்தது? முடிந்துபோன மாதங்களுக்குக் கேளுங்கள், வரப்போகும் இரவுகளுக்கு அல்ல.

இவை பொலிஸைக் கேள்வி கேட்கின்றன. சாட்சியைத் தொடவில்லை. ஒரே ஒரு விண்ணப்பம் போதும். முப்பது பேருக்கும் அக்கறை என்றால், ஒருவர் போட்டு வரும் பதிலை முப்பது பேரும் வாசிக்கலாம். மறுத்தால் 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் ஆணைக்குழு. அந்த வழியில் நாங்கள் உங்களோடு கடைசி வரை வருவோம். கடிதம் எழுதித் தருவோம், சிங்களத்தில் வேண்டுமென்றாலும் எழுதித் தருவோம்.

வழக்குத் தொடர்பானவர்களுக்கு வேறு வழிகளும் இருக்கின்றன. உங்கள் முறைப்பாட்டின் பிரதியைப் பொலிஸ் நிலையத்தில் கட்டணம் கட்டி எடுக்கலாம். பொலிஸ் நீதவானுக்குக் கொடுக்கும் 'பீ' அறிக்கையைச் சட்டத்தரணி மூலம் நீதிமன்றத்தில் கேட்கலாம். யாரையாவது பிடித்து 24 மணித்தியாலத்துக்குள் நீதவானிடம் காட்டாவிட்டால், அடித்தால், மனித உரிமைகள் ஆணைக்குழு இருக்கிறது, 1996க்கு அழையுங்கள். விண்ணப்பம் போடுபவரின் உயிரோ சுதந்திரமோ சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 48 மணித்தியாலத்துக்குள் பதில் தர வேண்டும் என்று தகவல் சட்டத்திலேயே இருக்கிறது. அந்த 48 மணித்தியாலம் எவ்வளவு பெரிய சொத்து என்று யோசியுங்கள். உண்மையாகவே தன் உயிருக்கு ஆபத்து என்று ஒருவர் அந்த விண்ணப்பத்தைக் கொண்டு போகும் நாளில், அது உங்கள் முப்பது படிவத்துக்கு அடியில் கிடக்கக் கூடாது.

எங்களுக்கு இருக்கும் கடைசிப் பயமும் அதுதான். ஒரு நல்ல சட்டத்தைக் கெடுக்க அரசாங்கம் தேவையில்லை, அதை விளையாட்டாக்கும் சனமே போதும். "பாருங்கோ, இந்தச் சட்டத்தால் விசாரணை செய்ய முடியாமல் கிடக்கு" என்று சொல்லக் காத்திருப்பவர்கள் கொழும்பில் இருக்கிறார்கள். இந்தியாவில் 2011இல் மத்தியப் புலனாய்வுத் துறையான சி.பி.ஐ.யைச் சட்டத்துக்கு வெளியே கொண்டுபோய் வைத்தார்கள். ஒருமுறை பூட்டிய கதவு இலேசில் திறக்காது. அப்படி ஒரு பூட்டுக்கு எங்கள் ஊர்ப் படிவங்களை உதாரணமாகக் காட்டும் நாள் வர வேண்டாம்.

கையெழுத்துப் போட்ட தம்பிமாரே, தங்கைமாரே, உங்களில் சிலர் எங்களிடம் படித்த பிள்ளைகள். உங்களைக் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. ஊருக்கு நல்லது என்று நினைத்துத்தான் போட்டீர்கள். பிழை விளங்கினால் திருத்துவது வெட்கமில்லை. விண்ணப்பத்தை மீளப் பெறுகிறேன் என்று இரண்டு வரியில் ஒரு கடிதம் போதும். இன்னும் கொடுக்காதவர்கள் கிழித்துவிடுங்கள்.

படிவத்தை அனுப்பியவர்களுக்கு ஒன்றே ஒன்று. சாட்சியின் பெயர் தெரிய வேண்டும் என்று உங்களுக்கு அவ்வளவு அவசரம் என்றால், ஏன் என்று ஊருக்கு முன்னால் வந்து சொல்லுங்கள். சட்டம் காரணம் கேட்காது. நாங்கள் கேட்போம்.

பாடசாலை விட்ட பிறகு நாங்கள் வழமையான இடத்தில்தான் இருப்போம். ஒழுங்கான விண்ணப்பம் எழுத விரும்புகிறவர்கள் ஒரு பேனையோடு வாருங்கள். ஏச விரும்புகிறவர்களும் வாருங்கள். தேநீர் ஊற்றித் தருவோம்.